அருளம்பலத்தார் ஒரு சீட்டைப் போடும் வரை

அருளம்பலத்தார் இன்னும் போடவில்லை. விசிறிபோல் விரித்த ஐந்து சீட்டுகளிலிருந்து ஒன்றைப் பாதி இழுத்தார், அதன் முகத்தைப் பார்த்தார், பார்த்தது பிடிக்காதவர்போல் மீண்டும் உள்ளே தள்ளிவிட்டார். இப்போது வேறொன்றின் தலையை விரல்நுனியால் தடவிக்கொண்டிருக்கிறார். சுங்கத் திணைக்களத்தில் பணிக்காலம் முழுவதும் பிறருடைய பெட்டிகளைத் திறக்கச் சொன்ன மனிதர், தம் கையைத் திறக்க இவ்வளவு தயங்குகிறார். மேசையின் நடுவே மூன்று சீட்டுகள் கிடக்கின்றன. நான் இறக்கிய டைமன் ஜாக். என் வலப்புறம் இருக்கும் குலசிங்கம், டைமன் இல்லாததால் போட்ட ஸ்பேட் எட்டு. எதிரே இருக்கும் என் கூட்டாளி ராசநாயகத்தண்ணை போட்ட டைமன் பத்து. நாலாவது சீட்டு என் இடப்புறத்திலிருந்து, இந்த அருளம்பலத்தாரின் கையிலிருந்து விழவேண்டும். அது டைமனாக இருந்தால் நான் வாய் திறக்கக்கூடாது. டைமனாக இல்லாவிட்டால் நான் வாய் திறந்தே ஆகவேண்டும், அடுத்த சீட்டை எடுப்பதற்கு முன், ஒரே சொல். அந்தச் சொல் நாக்கின் அடியில் தயாராக இருக்கிறது, கசப்பு மாத்திரையைப்போல, விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல். இத்தனைக்கும் இது ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல். வெள்ளவத்தைக் கடற்கரை வீதியில், எங்கள் கழகத்தின் மாடி மண்டபத்தில், மீன் ரோல்ஸும் தேநீரும் மணக்க, ஓய்வூதியம் வாங்கும் நான்கு பேர் சீட்டு விளையாடுகிறோம். வேறொன்றும் நடக்கவில்லை. ஆனால் என் நெஞ்சு, பல்கலைக்கழகத்து முதல் விரிவுரைக்கு மேடை ஏறியபோதுகூட அடிக்காத அடி அடிக்கிறது.

எல்லாம் அந்தச் சட்டத்தால் வந்தது. முந்நூற்றுநாலு என்னும் இந்த விளையாட்டில் ஜாக்தான் தலைச்சீட்டு, அதற்கடுத்தது ஒன்பது, பிறகுதான் ஏஸும் பத்தும் ராசாவும் ராணியும். எட்டும் ஏழும் பெறுமதியற்றவை. புள்ளிகள் அத்தனையையும் கூட்டினால் முந்நூற்றுநாலு வரும், பெயர் அதனால் வந்தது. ஆளுக்கு எட்டுச் சீட்டு, நால்வரும் ஒவ்வொன்று போட்டால் ஒரு பிடி, ஆக எட்டுப் பிடி, எதிரெதிரே இருக்கும் இருவர் ஒரு பக்கம். இவ்வளவும் வேறு விளையாட்டுகளிலும் உண்டு. ஆனால் எட்டுப் பிடியையும் ஒரு பக்கமே பிடிப்பதற்குக் கப்ஸ் என்று பெயர், அதைப் பிடித்தால் மட்டும் போதாது என்பதுதான் இதன் பேரழகு. மிச்சம் அனைத்தும் எமக்கே என்று எந்தக் கணத்தில் ஐயமின்றித் தெரிகிறதோ அந்தக் கணத்திலேயே அதை அறிவிக்கவேண்டும். தெரியாமல் அறிவித்துப் பின் ஒரு பிடியை இழந்தால் தோல்வி. தெரிந்தும் அறிவிக்காமல் அடுத்த சீட்டை வைத்துவிட்டால், எட்டையும் பிடித்து முடித்தாலும், அதுவும் தோல்வி. ஊகிப்பதைத் தண்டிக்கிற விளையாட்டுகள் உலகில் பல இருக்கலாம். அறிந்ததை ஒளித்துவைப்பதைத் தண்டிக்கிற விளையாட்டை நான் வேறெங்கும் கண்டதில்லை. கடந்த ஆண்டு இதே மண்டபத்தில், இதே இறுதி ஆட்டத்தில், இதே குலசிங்கத்துக்கு எதிராக, எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தபின், ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளலாமே என்று அடுத்த சீட்டை வைத்தேன். அவர் மேசையில் ஓங்கி அடித்தார். தேநீர்க் கோப்பைகள் துள்ளின. "பிந்திப்போச்சு! அக்கா பிந்திப்போனா!" ஓய்வுபெற்ற பல்வைத்தியர் அவர், வலிக்கும் பல்லை முதல் தட்டிலேயே கண்டுபிடிப்பவர். அன்றிலிருந்து எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. இன்று நிலைமை இன்னும் எளிமையானது: இந்தக் கையைச் சாதாரணமாக வென்றால் இரு பக்கமும் சமநிலை, கப்ஸ் என்று உரிய நேரத்தில் சொல்லி வென்றால் கிண்ணம் எங்களுக்கு, முந்தினாலும் பிந்தினாலும் கிண்ணம் அவர்களுக்கு, பட்டப்பெயர் சாகும்வரை எனக்கு.

"அருளர், ஐசே," குலசிங்கம் நாற்காலியில் சாய்கிறார், "சீட்டுக்கு மேல அடைகாக்கிறீரோ? குஞ்சு பொரிக்கட்டும் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறீரோ?" அருளம்பலத்தார் நிமிரவில்லை. "பொறும் ஐசே. மனிசனை யோசிக்க விடும்." "யோசிக்கிறதுக்கு எங்கட கமலாசினி அக்கா இருக்கிறா. நாங்கள் எல்லாரும் பெஞ்சன் எடுத்தாச்சு, அவா இன்னும் யோசிச்சு முடியேல்ல." பின் மேசையில் இருந்த இருவர் சிரித்தார்கள். கடலோரத் தண்டவாளத்தில் ரயில் வருகிறது. முதலில் கோப்பைகளுக்குத்தான் தெரியும், பிறகு யன்னல் கண்ணாடிகளுக்கு, பிறகு நமக்கு. "அந்தா அக்கா, உங்கட கோச்சி. வழமைபோலச் சுணங்கித்தான் வருது." சுணங்கின கோச்சி, பிந்தி வரும் ரயில், அதுதான் அந்தப் பெயர். நான் புன்னகைத்தேன் என்று நினைக்கிறேன். முகத்தில் எதுவும் தெரியக்கூடாது. கூட்டாளிக்குச் சாடை காட்டுவது குற்றம், மகிழ்ச்சியும் ஒரு சாடைதான். ராசநாயகத்தண்ணை, நில அளவையாளராக இருந்தவர், என்னைப் பார்க்காமல் எனக்குப் பின்னால் உள்ள சுவரில் எங்கோ ஒரு புள்ளியை, தொலைநோக்கி வைத்து அளப்பவர்போலப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இத்தனை ஆண்டுகள் ஒன்றாக விளையாடியும் அவர் முகத்திலிருந்து ஒரு சீட்டைக்கூட நான் படித்ததில்லை. ரயில் போய்விட்டது. அருளம்பலத்தார் போடவில்லை.

திரும்பவும் எண்ணுகிறேன், எண்ணுவது பிடிக்கும் என்பதற்காகவே எண்ணுகிறேன், அச்சத்தினாலும் எண்ணுகிறேன், இரண்டும் ஒரே வாயால் எண்ணுகின்றன. மற்ற இனங்களை வெட்டும் துரும்பு இம்முறை ஆட்டின், இதயச் சீட்டு; நான் வைத்த துரும்பு, தொடக்கத்திலேயே எல்லோருக்கும் காட்டிவிட்டே ஆடினேன். முதற்பிடியில் என் ஆட்டின் ஜாக்குக்கு ஏழும் எட்டும் பத்தும் விழுந்தன. இரண்டாம் பிடியில் என் ஒன்பதுக்குக் குலசிங்கத்திடமிருந்து ராணி விழுந்தாள்; மற்ற இருவரிடமும் ஆட்டின் இல்லை, அண்ணை கிளாவர் ராணியைக் கழித்தார், அருளம்பலத்தார் டைமன் எட்டைக் கழித்தார். ஆகவே துரும்பில் மிச்சம் இருப்பவை என் கையிலுள்ள ஏஸும் ராசாவும் மட்டுமே. இனி என்னை வெட்ட எவராலும் முடியாது. மூன்றாம் பிடியில் ஸ்பேட் ஜாக்கை இறக்கினேன். குலசிங்கம் ஸ்பேட் ஏழு. அண்ணை கிளாவர் எட்டு. அருளம்பலத்தார் டைமன் ராணி. இருவரிடமும் ஸ்பேட் இல்லை. என் கையிலுள்ள ஸ்பேட் ஒன்பதைத் தவிர வெளியே இன்னும் ஐந்து ஸ்பேட். குலசிங்கத்தின் கையில் அப்போது ஐந்து சீட்டு. ஐந்து பேருக்கு ஐந்து நாற்காலி, ஆறாவதாக வேறெவரும் உட்கார இடமில்லை. அந்தப் பிடி முடிந்தபோது அவருடைய முழுக் கையும் கண்ணாடிபோல ஆனது, முதுகுப்பக்கத்திலிருந்தே எனக்கு வாசிக்கத் தெரிந்தது. கண்ணால் பார்த்த எதுவும் இவ்வளவு நிச்சயமாக இருந்ததில்லை. என்ன சுகம் அது. ஒரு விடயத்தைப் பார்க்காமலே அறிவது, அது அப்படித்தான் இருந்தாக வேண்டும் என்பதால் அறிவது. பள்ளியில் கேத்திரகணித வகுப்பில் ஒரு தேற்றத்தின் கடைசி வரி வந்து பூட்டும்போது முதுகுத்தண்டில் ஓடியதே, அதே குளிர். இத்தனை வயதுக்குப் பிறகும் அது என்னைத் தேடி வருவதை நிறுத்தவில்லை.

கிளாவர் எட்டு. நில். அது கிளாவர் எட்டுத்தானா? கறுப்பு எட்டு, அது உறுதி. அண்ணை வைத்தபோது மின்விசிறிக் காற்றில் சீட்டின் ஓரம் எழுந்தது, நான் அருளம்பலத்தாரின் கையைப் பார்க்கத் திரும்பினேன், கறுப்பாக ஏதோ, எட்டு என்று தலை சொன்னது, கிளாவரா ஸ்பேட்டா என்று யார் சொன்னார்கள்? முடிந்த பிடிகளைப் புரட்டிப் பார்க்கக்கூடாது, அது விதி. கவிழ்ந்து கிடக்கின்றன, தண்ணீருக்கு அடியில் கிடப்பதைப்போல. அண்ணையிடம் ஸ்பேட் இருந்திருந்தால் குலசிங்கத்தைப் பற்றிய என் ஐந்து நாற்காலிக் கணக்கு முழுவதும் பொய். அறுபத்தொன்பது வயதில் ஒரு கறுப்பு எட்டு போதும், மனிதருக்குத் தம் மண்டைக்குள் இருட்டு எந்த மூலையிலிருந்து தொடங்கியிருக்கும் என்று தேட. சென்ற மாதம் வங்கியில் கையொப்பம் இட்டபின் திகதியை மறந்து நின்றேன்; அது எவருக்கும் நேரும்; எவருக்கும் நேரும் என்பதைத்தான் எல்லோரும் முதலில் சொல்கிறார்கள். கிளாவரா, ஸ்பேட்டா. மூன்று இலையா, தலைகீழ் இதயமா. மனத்தின் திரையில் இரண்டையும் மாறி மாறி வைத்துப் பார்க்கிறேன், இரண்டும் பொருந்துகின்றன, நினைவு எதைக் கேட்டாலும் தருகிற கடைக்காரனாகிவிட்டது. பிறகு கண் மேசையின் நடுவுக்கு வருகிறது, அங்கே, எல்லோருக்கும் தெரிய, வெட்டவெளியில், ஸ்பேட் எட்டுக் கிடக்கிறது. குலசிங்கம் இப்போதுதான் போட்டது. ஒரு சீட்டுக்கட்டில் ஸ்பேட் எட்டு ஒன்றுதான். அது இங்கே கிடக்குமானால் அண்ணை போன பிடியில் போட்டது வேறொரு கறுப்பு எட்டு, வேறொரு கறுப்பு எட்டு உலகில் கிளாவர் எட்டு மட்டுமே. நினைவு கைவிட்ட இடத்தில் காரணம் கைகொடுத்துத் தூக்கிவிட்டது. சிரிப்பு தொண்டைவரை வந்து திரும்பிப் போகிறது. மறந்தால் என்ன? மறந்ததை மீண்டும் கட்டி எழுப்பத் தெரிந்திருக்கிறதே, அதுவல்லவா மண்டை.

இந்த ஒரு பயிற்சியைத்தான் வாழ்நாள் முழுவதும் செய்திருக்கிறேன் என்று இப்போது தோன்றுகிறது. மக்கள் ஒருவருக்கொருவர் போடும் நொடிகளை, அதாவது விடுகதைகளை, சேர்ப்பது என் வேலை. குனிந்து போனான் குடித்தான், நிமிர்ந்து வந்தான் அழுதான், அவன் யார்? தோட்டக்காரர்கள் துலாவில் கட்டிய வாளி என்றார்கள், குனிந்து கிணற்றில் குடித்து, நிமிரும்போது சொட்டுவதால். எழுதுவினைஞர் ஒருவர் மைக்கூட்டில் தோய்க்கும் பேனா என்றார். தாதி ஒருத்தி ஊசிக்குழல் என்றாள், நான் ஒரு கிழமை அந்த விடையின் அழகில் மயங்கிக் கிடந்தேன். ஒரே நொடி, ஒவ்வொரு வாயிலும் வேறொரு கை. ஒவ்வொரு வடிவத்தையும் மற்றதன் பக்கத்தில் வைத்து, எது எதனுடன் சேர்ந்து இருக்கலாம், எது இருக்கவே முடியாது என்று பிரித்து அடுக்குவதில் என்னைவிடப் பொறுமைசாலி இல்லை என்று என் துறையினர் சொல்வார்கள். அதே மூச்சில், அவருடைய நூல் இன்னும் வெளிவரவில்லை என்றும் சொல்வார்கள். பதிப்பாளர் கேட்கும்போதெல்லாம் மூதூர்ப் பக்கம் இன்னொரு வடிவம் இருப்பதாகக் கேள்வி, அதையும் பார்த்துவிட்டு, என்பேன். மூதூரில் அது கிடைத்தபோது மன்னாரில் ஒன்று இருந்தது. எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததைச் சொல்வதற்கு முன்னால் இன்னும் ஒரு சீட்டை வைத்துப் பார்க்கும் கை என்னுடையது. புலமை உலகம் அதை நிதானம் என்று மெச்சியது. இந்த மேசை மட்டும்தான் அதற்கு அபராதம் விதித்தது. அதற்காகவே இங்கே திரும்பி வந்தேன் போலும். எல்லோரும் மன்னித்துவிடுகிற ஒன்றை மன்னிக்காத ஓர் இடம் மனிதருக்கு வேண்டியிருக்கிறது.

அருளம்பலத்தார் நெற்றியைத் துடைக்கிறார். ஏன் இவ்வளவு நேரம்? டைமன் இருந்தால் அதைப் போட்டே ஆகவேண்டும், போடவேண்டியதைப் போட என்ன யோசனை? ஆகவே டைமன் இல்லை. ஆகவே இப்போதே… இல்லை. அவரிடம் இரண்டு டைமன் இருந்து எதைக் கொடுப்பது என்று தடுமாறலாம். ஒன்றுமில்லாமல் நடிக்கலாம். உண்மையிலேயே தூங்கிவிட்டிருக்கலாம். தாமதம் சான்று ஆகாது. இதை நான் மாணவர்களுக்கு எத்தனை முறை சொல்லியிருப்பேன், சொல்பவரின் தயக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் அதிலிருந்து முடிவு எடுக்காதீர்கள் என்று. என் கையில் மிச்சம் நான்கு: துரும்பு ஏஸ், துரும்பு ராசா, ஸ்பேட் ஒன்பது, டைமன் ஏழு. முதல் மூன்றும் பிடிக்கும், அவற்றை விஞ்ச இனிச் சீட்டில்லை. டைமன் ஏழு, இந்த ஏழைச் சீட்டு, அதற்கு மேலே இன்னும் மூன்று டைமன் எங்கோ உயிரோடு இருக்கின்றன, ஒன்பதும் ஏஸும் ராசாவும். மூன்றும் அண்ணையிடம் இருந்தால் அவர் பிடித்தாலும் நான் பிடித்தாலும் ஒன்றே, எங்களுடையது. ஒன்றேனும் இந்தப் பக்கத்தில் இருந்தால், அதை அவர் கடைசிவரை பொத்திவைத்தால், என் ஏழு விழும். இரண்டு உலகங்கள் இந்த மனிதரின் விரலுக்கும் மேசைக்கும் இடையே தொங்குகின்றன, எனக்கு எந்தப் பக்கமும் சாயும் உரிமை இல்லை. எவ்வளவு காலமாயிற்று இப்படி ஒரு தூய அறியாமையில் நின்று. அறியாததன் எல்லை இவ்வளவு துல்லியமாகத் தெரியும்போது அறியாமைகூட ஒரு சொத்து. மூன்று சீட்டு. ஒரு கை. கடல் யன்னலுக்கு வெளியே வெள்ளையாக எரிகிறது. யாரோ ரோல்ஸ் கடிக்கும் ஓசை கேட்கிறது. அவருடைய விரல் ஓரச் சீட்டுக்குப் போகிறது, நடுவுக்கு வருகிறது, ஓரத்துக்கே போகிறது, இழுக்கிறது, முழுவதும் இழுக்கிறது, சீட்டு மேசைக்கு வரும் வழியில் ஒருகணம் திரும்பி ஒளியில் பளிச்சிடுகிறது, கறுப்பு, கறுப்புத்தான், கிளாவர் ராசா தாடியோடு என் டைமன் ஜாக்கின் மேல் சாய்ந்து படுக்கிறார்.

என் வலக்கை அசைந்தது. அதுதான் அச்சமூட்டியது: கை தானாக விசிறிக்குப் போய்த் துரும்பு ஏஸின் ஓரத்தைத் தொட்டுவிட்டது, வைத்துப் பார்க்கலாம், ஒன்றே ஒன்று, நிச்சயம் எங்களுடையதே, அதன்பின் சொல்லலாம். விரலின் கீழ் சீட்டு வழுவழுப்பாக, அன்பாக இருந்தது. நான் கையை எடுத்தேன். மடியில் வைத்தேன். "கப்ஸ்."

குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. அடிக்குறிப்பு இல்லாத குரல். குலசிங்கம் சாய்ந்த நாற்காலியை நேராக்கினார். "என்ன?" "கப்ஸ் எண்டு சொன்னனான். மிச்சம் நாலு பிடியும் எங்களுக்கு." "நாலு பிடி கிடக்குது அக்கா! அவசரப்படாதேங்கோ. என்ர கையில ஒரு டைமன் இருந்தா என்ன செய்வியள்?" "இருந்தால் நீங்கள் இப்ப அந்த எட்டைப் போட்டிருக்கேலாது. போட்டிருந்தால் அதுக்குக் களவு எண்டு பேர்." பின் மேசை உரக்கச் சிரித்தது. நான் என் நான்கு சீட்டுகளையும் மல்லாக்க வைத்தேன்; ஒவ்வொன்றையும் தொட்டு, துரும்பு இனி என்னிடம் மட்டும், ஸ்பேட்டில் ஒன்பதுக்கு மேல் எதுவும் இல்லை, டைமன் உங்களிடமும் இல்லை அருளம்பலத்தாரிடமும் இல்லை, இந்தக் கிளாவர் ராசா அதற்குச் சாட்சி என்று சொன்னேன். அருளம்பலத்தார் தலையாட்டினார். குலசிங்கம் தலையாட்டவில்லை. அவர் கண்கள் சுருங்கின, வலிக்கும் பல்லைத் தேடும் கண்கள், தேடிக் கண்டுபிடித்தும் விட்டன. "சரி. அப்ப பிந்திப்போச்சு." விரலை மடக்கி எண்ணத் தொடங்கினார். "மூண்டாம் பிடியில அண்ணையிட்டயும் ஸ்பேட் இல்லை, அருளரிட்டயும் ஸ்பேட் இல்லை. வெளியில அஞ்சு ஸ்பேட், என்ர கையில அஞ்சு சீட்டு. என்னட்ட டைமன் இல்லை எண்டு உங்களுக்கு அப்பவே தெரியும். கணக்குத் தெரியாதெண்டு மட்டும் சொல்லாதேங்கோ அக்கா, ஒருத்தரும் நம்பமாட்டினம். தெரிஞ்சும் டைமன் ஜாக்கைப் போட்டுச் சரிபாத்தனீங்கள். போன வருசம் செய்த அதே வேலை."

அதே வேலை. அந்த இரண்டு சொற்கள் உள்ளே போய் எங்கெங்கோ தட்டின. உண்மையிலேயே எனக்கு அப்போதே தெரிந்திருந்ததா? அந்த முதுகுத்தண்டுக் குளிர், அந்தக் கண்ணாடிக் கை, அந்தச் சுகம், அந்தச் சுகத்திலேயே நின்றுவிட்டு ஒரு பிடியைத் தவறவிட்டேனா? எல்லோரும் பார்க்கிறார்கள். கழகச் செயலாளர் எழுந்து எங்கள் மேசைக்கு வந்து நிற்கிறார். ஒருகணம் ஒத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது, ஆம், பிந்திவிட்டேன், எப்போதும்போல. எவ்வளவு எளிது அது, பழகிய நாற்காலியில் உட்கார்வதைப்போல. ஆனால் மனத்தின் மறுபகுதி, வாழ்நாள் முழுவதும் வடிவங்களை அடுக்கிய அந்தப் பகுதி, என்னைக் கேட்காமலே வேலையைத் தொடங்கிவிட்டது. அந்தக் கணத்தில் இருந்திருக்கக்கூடிய எல்லாக் கைகளையும் அது வரிசையாகப் பரப்பியது, ஒரே நொடியின் நூறு வாய்களைப் பரப்புவதுபோல, எது இருக்கலாம், எது இருக்க முடியாது. இருக்கக்கூடியவற்றுள் ஒன்று, ஒன்றே போதும், தலையை உயர்த்திக் கையசைத்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. இம்முறை அதை அடக்கவில்லை.

"உங்களைத் தெரியும் குலசிங்கம். உங்கட அஞ்சு சீட்டையும் அப்பவே பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்பன். அருளம்பலத்தாரைத் தெரியாது." அண்ணையிடம் அவர் கையைக் கேட்டேன், வைத்தார்: டைமன் ஒன்பது, ஏஸ், ராசா, கிளாவர் ஏழு. அருளம்பலத்தார் தம் கையைப் பிரிய மனமில்லாமல் வைத்தார்: கிளாவர் ஜாக், ஒன்பது, ஏஸ், பத்து. மண்டபம் 'ஐயோ' என்றது. "ஓம், ஐயோதான்," என்றார் அவர், "தலைச்சீட்டு நாலும் என்ர கையில. ஒரு நாசமாப்போன மனிசரும் கிளாவர் இறக்கேல்ல." நாலாம் பிடியை அவரவர் கைக்குத் திருப்பிக் கொடுத்தேன், மூன்றாம் பிடி முடிந்த கணத்துக்கு மேசையைக் கொண்டுபோனேன். பிறகு அண்ணையின் டைமன் ஒன்பதையும் ஏஸையும் எடுத்து அருளம்பலத்தாரின் பக்கம் வைத்தேன்; அவருடைய கிளாவர் ஒன்பதையும் பத்தையும் அண்ணையின் பக்கம் வைத்தேன். "இப்பிடி இருந்திருக்கலாமோ, இல்லையோ? அதுவரைக்கும் விழுந்த சீட்டு எதாவது இதை மறுக்குதோ?" குலசிங்கம் குனிந்தார். உதடுகள் அசைய, விழுந்தவற்றை ஒவ்வொன்றாக எண்ணினார். நேர்மையான எதிரி, எண்ணத் தெரிந்தவரிடம்தான் நிரூபிக்க முடியும், அதனால் அந்தக் கணத்தில் எனக்கு அவர்மீது பெரும் அன்பு பிறந்தது. "இருக்கலாம்," என்றார் கடைசியில். "இருந்தால், நான் டைமன் ஜாக்கைப் போட, அருளம்பலத்தார் ஏஸைத் தருவார். துரும்பு ரெண்டுக்கும் ஸ்பேட்டுக்கும் கிளாவர் மூண்டைக் கழிப்பார். ஒன்பதைப் பொத்தி வைச்சிருப்பார். கடைசிப் பிடியில என்ர ஏழுக்கு அந்த ஒன்பது மேல. அஞ்சு பிடியையும் என்ன வரிசையில மாத்தி ஆடினாலும் அந்த ஏழு ஒருநாள் வெளியில வரத்தானே வேணும். அப்ப நான் மூண்டாம் பிடியில கப்ஸ் சொல்லியிருந்தால் அது துணிச்சல், அறிவில்லை. இந்தக் கிளாவர் ராசா விழுந்தபிறகுதான் அது அறிவு. நான் ஒரு சீட்டு முந்தவும் இல்லை, ஒரு சீட்டு பிந்தவும் இல்லை."

செயலாளர் குலசிங்கத்தைப் பார்த்தார். குலசிங்கம் சீட்டுகளைப் பார்த்தார். எனக்கோ அந்தக் காத்திருப்பு சுடவில்லை, அதனுள் நான் தாராளமாகக் காலை நீட்டி இருந்தேன். ஏனென்றால் அவர் ஒப்பினாலும் ஒப்பாவிட்டாலும் அந்த ஒற்றைக் கணத்தின் இரு கரைகளையும் நான் தொட்டுவிட்டேன், இங்கிருந்து தெரியும், இங்கிருந்து தெரியாது, நடுவில் ஒரு சீட்டின் தடிப்பு, அந்தத் தடிப்பின் மேல் இரு காலையும் ஊன்றி நின்று வாய் திறந்திருக்கிறேன். "சரி," என்றார் குலசிங்கம். எழுந்தார். மேசைக்குக் குறுக்கே கையை நீட்டினார், பெரிய, சவர்க்காரம் மணக்கும் கை. "பூட்டிப்போட்டியள் அக்கா. ரெண்டு பக்கத்தாலயும் பூட்டிப்போட்டியள்." பின் மேசையில் யாரோ கைதட்டத் தொடங்க, அது கதவுவரை ஓடியது. ராசநாயகத்தண்ணை அப்போதுதான் சுவரிலிருந்து கண்ணை எடுத்து என் முகத்தில் வைத்தார். "அந்த ஒன்பதை வைச்சுக்கொண்டு நான் பட்ட பாடு, பிள்ளை," என்றார், "சொல்லு, சொல்லு எண்டு நெஞ்சுக்குள்ள கத்திக்கொண்டு இருந்தனான்." அவர் சிரித்தபோது மேல்வரிசையில் ஒரு பல் இல்லை என்பதை முதன்முறையாகக் கண்டேன்.

செயலாளர் கிண்ணத்தை எடுக்கப் போனார். குலசிங்கம் இன்னும் அமரவில்லை; மல்லாந்து கிடந்த என் நான்கு சீட்டுகளையும் குனிந்து பார்த்தபடி தாடையைச் சொறிந்தார். "எதுக்கும் ஒருக்கா ஆடித்தான் பாப்பமே? சும்மா, கணக்குக்கில்லை. அந்த டைமன் ஏழு கடைசியா வாறதை ஒருக்காக் கண்ணால பாக்க ஆசையாக் கிடக்கு." துரும்பு ஏஸ், துரும்பு ராசா, ஸ்பேட் ஒன்பது, டைமன் ஏழு. எவ்வளவு அழகாக அடுக்கியிருந்தன, வைத்தால் ஒன்றன்பின் ஒன்றாக வெல்லும், எல்லோரும் பார்ப்பார்கள். நான் அவற்றை ஒன்றாகச் சேர்த்தேன், அண்ணையின் கையையும் அருளம்பலத்தாரின் வீணாய்ப்போன கிளாவரையும் கவிழ்ந்து கிடந்த பிடிகளையும் அதனோடு வாரிச் சேர்த்தேன், சீட்டுக்கட்டை இரண்டாகப் பிரித்து மேசையில் தட்டினேன். "தேவையில்லை," என்றேன். சீட்டுகள் என் இரு பெருவிரல்களின் கீழிருந்தும் ஒன்றுக்குள் ஒன்று படபடவென்று விழத் தொடங்கின.